மணி கேட்டதும் கையை எடுங்கள்: துறவு மடத்தில் முதல் வாரம்

கத்தோலிக்கத் துறவு மடத்தில் சில நாள் தங்க வருகிறவர்களும் சரி, துறவு வாழ்வு தங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க வருகிறவர்களும் சரி, அதிகாலையில் எழுவதுதான் கஷ்டம் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். எழுவது சில நாளில் பழகிவிடும். பழக நாளாவது வேறொன்று: செய்துகொண்டிருக்கும் வேலையைப் பாதியில் விட்டு எழுந்து போவது. இன்னும் ஒரு வரிதானே, இந்த ஒரு பாத்திரம்தானே என்று கை கெஞ்சும். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூல் அதன் 43ஆம் அதிகாரத்தில் இதைத்தான் பேசுகிறது: மணி கேட்டதும் கையில் இருப்பது எதுவானாலும் அதை அப்படியே விட்டுவிட்டு விரைந்து வாருங்கள், ஆனால் கண்ணியம் குறையாமல் வாருங்கள். மடத்தில் மற்ற எல்லாப் பழக்கங்களும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் இருக்கின்றன.

பெனடிக்டின், சிஸ்டர்சியன், டிராப்பிஸ்ட் ஆகிய துறவு சபைகளின் மடங்களை மனத்தில் வைத்தே இங்கே சொல்கிறோம். எல்லாமே அந்த ஒரே ஒழுங்குநூலில் நிற்பவை; நேரம் மட்டும் மடத்துக்கு மடம் மாறும். டிராப்பிஸ்ட் மடங்கள் பலவற்றில் விடியுமுன் நடக்கும் இரவு வழிபாடு நான்கு மணிக்கு முன்பே தொடங்கிவிடும். மற்ற இடங்களில் ஐந்து, ஐந்தரை ஆகலாம். கர்த்தூசியர் என்ற இன்னொரு துறவு சபையின் நடைமுறை வேறு: முன்னிரவில் தூங்கி, நள்ளிரவையொட்டி எழுந்து நெடுநேரம் வழிபட்டு, மறுபடி தூங்குவார்கள். அவர்களுடைய நாளுக்கு இந்தக் குறிப்புகள் பொருந்தாது.

முந்தின இரவே நாடாக்களைச் சரிசெய்யுங்கள்

காலையில் தூக்கக் கலக்கத்தோடு பக்கம் தேடினால் வழிபாடே குழம்பிவிடும். அன்றாட வழிபாட்டு வேளைகளுக்கான செபநூலான திருப்புகழ்மாலையில், பக்கத்தை அடையாளம் வைக்க நாலைந்து நாடாக்கள் இருக்கும். ஒன்று திருவழிபாட்டுக் காலத்துக்கு, ஒன்று திருப்பாடல் (சங்கீதம்) வாரத்துக்கு, ஒன்று அன்றைய புனிதருக்கு, ஒன்று புனிதர்களின் பொதுப் பகுதிக்கு, இன்னொன்று மாறாத பகுதிக்கு. எந்த நிறம் எதற்கு என்று முதல் நாளே முடிவுசெய்து, பிறகு மாற்றாதீர்கள். விரல் நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்.

உரோமைத் திருப்புகழ்மாலையில் திருப்பாடல்கள் நான்கு வாரச் சுற்றாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த வாரக் கணக்கில்தான். கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, சிறப்புக் காலங்கள் அல்லாத பொதுக்காலத்தின் முதல் வாரம், தவக்காலத்தின் முதல் ஞாயிறு, பாஸ்கா (உயிர்ப்பு) ஞாயிறு ஆகிய நான்கு இடங்களிலும் சுற்று முதல் வாரத்திலிருந்து புதிதாகத் தொடங்கும். பொதுக்காலத்தில் வார எண்ணை நான்கால் வகுங்கள். மீதி எதுவோ அதுதான் திருப்பாடல் வாரம். மீதி இல்லையென்றால் நான்காம் வாரம். 18ஆம் வாரம் என்றால் மீதி 2, ஆகவே இரண்டாம் வாரம்.

இன்னொரு தவறு சனிக்கிழமை மாலையில் நடக்கும். ஞாயிறு சனி மாலையே தொடங்கிவிடுவதால், அன்று பாடுவது ஞாயிற்றுக்குரிய முதல் மாலைப் புகழ், அதாவது மாலை வழிபாடு. வாரமும் அப்போதே மாறிவிடும். மதியமே நாடாவை நகர்த்தி வைத்தால், எல்லோரும் பாடத் தொடங்கிய பிறகு நீங்கள் பக்கம் புரட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மடத்துக்கென்று தனித் திருப்பாடல் பகிர்வு இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. 150 திருப்பாடல்களையும் ஒரே வாரத்தில் பாடி முடிக்க வேண்டும் என்பது புனித பெனடிக்ட் இட்ட கட்டளை. அதை இரண்டு வாரமாக விரித்துக்கொண்ட மடங்களும் உண்டு. பாடகர் இருக்கைப் பகுதியின் வாசலில் அன்றைய பக்க எண்களைப் பலகையில் எழுதியிருப்பார்கள். உள்ளே போகுமுன் அதைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். பழைய இலத்தீன் புத்தகம் கையில் கிடைத்தால் எண்களைக் கவனியுங்கள்: 10 முதல் 147 வரை பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும். நம் விவிலியத்தில் 95 என்பது அதில் 94.

மணியும் வரிசையும்

பெரும்பாலும் இரண்டு முறை மணி அடிப்பார்கள். முதல் மணி வேலையை விடச் சொல்லும். இரண்டாவது மணி வழிபாடு தொடங்கிவிட்டது என்று சொல்லும். முதல் மணிக்கு எழுகிறவர் நடந்து வரலாம். இரண்டாம் மணிக்கு எழுகிறவர் ஓடி வர வேண்டியிருக்கும். அப்படி வந்தவருக்கு முதல் திருப்பாடல் முழுக்க மூச்சு வாங்குவதிலேயே போய்விடும்.

இடையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் துறவியர் நடைக்கூடத்தில் வரிசையாக, பேசாமல் நிற்பார்கள். வயதும் படிப்பும் அந்த வரிசையைத் தீர்மானிப்பதில்லை, மடத்துக்குள் வந்த நாளும் நேரமும்தான் தீர்மானிக்கும். பகலின் இரண்டாம் மணி நேரத்தில் மடத்துக்கு வந்தவர், முதல் மணி நேரத்தில் வந்தவருக்கு இளையவர் என்று 63ஆம் அதிகாரம் கறாராகச் சொல்கிறது. விருந்தினர் இந்த வரிசையில் சேருவதில்லை. நேரே கோவிலுக்குள் போய், காட்டிய இடத்தில் நில்லுங்கள். இடம் மாற வேண்டாம். உங்கள் இருக்கையை வைத்துத்தான் பக்கத்தில் இருப்பவர் உங்களுக்குப் புத்தகம் எடுத்து வைத்திருப்பார்.

தாமதமாகிவிட்டதா? இரவு வழிபாட்டின் தொடக்கத்தில் வரும் 95ஆம் திருப்பாடலை இழுத்து நிதானமாகப் பாடச் சொல்கிறார் பெனடிக்ட். தூங்கி எழுந்து வருகிறவர் அது முடிவதற்குள் வந்து சேரட்டும் என்பதுதான் காரணம். அதற்கும் பிறகு வந்தால் வழக்கமான இடத்துக்குப் போகாமல், கடைசியில் நில்லுங்கள். வெளியே காத்திருக்க மட்டும் வேண்டாம். தாமதமாக வந்தவர் வெளியே இருந்தால் மறுபடி படுக்கப் போய்விடுவார் அல்லது வம்பு பேசுவார், ஆகையால் உள்ளே வரட்டும் என்றே ஒழுங்குநூலும் சொல்கிறது.

திருப்பாடலைச் சேர்ந்து பாடுவது

இருபுறமும் எதிரெதிராக நின்று, ஒரு வசனம் இந்தப் பக்கம், அடுத்த வசனம் அந்தப் பக்கம் என்று மாறி மாறிப் பாடுவார்கள். பாடத் தெரிந்தவர்கள்தான் முதல் வாரத்தில் அதிகம் இடறுகிறார்கள், குரல் முன்னே போய்விடுவதால். ஒரே ஒரு அளவு போதும்: பக்கத்தில் நிற்பவரின் குரல் உங்கள் காதில் தெளிவாக விழ வேண்டும். விழவில்லையென்றால் நீங்கள் பாடுவது அதிகம். முதல் இரண்டு நாள் உதடு மட்டும் அசைத்தாலும் குறையொன்றும் இல்லை.

ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அங்கே நிறுத்த வேண்டும். எவ்வளவு நேரம்? ஒரு முழு மூச்சு அமைதியாக உள்ளே போகும் அளவு. நீளமான வசனத்தில் அதற்கு முன்பாக ஒரு சிலுவைக் குறி வரும். அங்கே குரலைச் சற்றுத் தாழ்த்தி, மூச்சு விடாமலோ சின்னதாக விட்டோ தொடருங்கள். ஆனால் வசனம் முடிந்து எதிர்ப்பக்கம் தொடங்கும் இடத்தில் இந்த இடைவெளி கிடையாது. இந்தப் பக்கத்தின் கடைசி அசை அடங்கியதும் அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: நடுவில் நிற்காமல் ஓடிவிட்டு, முடிவில் இழுப்பார்கள். அந்த இழுப்பு எதிர்ப்பக்கத்தின் முதல் சொல்லில் போய் மோதும். கடைசி அசையை அழுத்தாமல், கையிலிருப்பதைக் கீழே வைப்பதுபோல் மெல்ல வையுங்கள்.

சுதி இறங்கிக்கொண்டே போவது எல்லாப் பாடகர் குழுவுக்கும் வரும் வியாதி. ஒரே சுரத்தில் பல சொற்களைச் சொல்லும்போது குரல் தானாகச் சரியும். நடு நிறுத்தத்தில் மூச்சைச் சரியாக எடுக்காததும், தலையைக் குனிந்து புத்தகத்துக்குள் பாடுவதும் அதற்கு முக்கியமான காரணங்கள். புத்தகத்தை நெஞ்சு உயரத்துக்குத் தூக்குங்கள். சரிந்துவிட்டால் நீங்கள் தனியாக ஏற்றப் பார்க்காதீர்கள். அடுத்த முன்பாடலில், அதாவது திருப்பாடலுக்கு முன் பாடும் சிறு வரியில், முதன்மைப் பாடகர் சரிசெய்துவிடுவார்.

திருப்பாடல் முடிவில் ‘தந்தைக்கும் மகனுக்கும் தூய ஆவிக்கும்’ என்று வரும்போது எல்லோரும் இடுப்பிலிருந்து வணங்குவார்கள். ‘தொடக்கத்தில் இருந்தது போல’ என்னும்போது நிமிர வேண்டும். எப்போது உட்காருவது, எப்போது எழுவது என்பதை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். எதிரே இருக்கும் ஒரு முதியவரைத் தேர்ந்துகொண்டு அவரைப் பாருங்கள். அரை நொடி தாமதமாக எழுவது யார் கண்ணையும் உறுத்தாது. முந்திக்கொண்டு எழுவதுதான் உறுத்தும்.

உணவறை

சாப்பிடும்போது பேச்சில்லை. ஒருவர் உயரமான இடத்திலிருந்து வாசிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். யாரும் வாய்திறந்து எதையும் கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது என்பதற்காக ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ளச் சொல்கிறது 38ஆம் அதிகாரம். ஆகவே உங்கள் தட்டைவிடப் பக்கத்துத் தட்டை அதிகம் பாருங்கள். அவருடைய குவளை காலியாக இருந்தால் தண்ணீர்ச் சாடியை அவர் பக்கம் நகர்த்துங்கள். உங்களுக்கு வேண்டியதை அவர் பார்த்துக்கொள்வார். பார்க்கத் தவறினால் சின்ன சைகை காட்டலாம்.

தட்டில் எடுத்ததை முழுவதும் சாப்பிட வேண்டும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிக்கவும் வேண்டும். மெதுவாகச் சாப்பிடுகிறவர் கொஞ்சமாக எடுப்பது நல்லது. எழுமுன் தட்டும் கரண்டியும் சத்தமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்படும். பரிமாறுகிறவர்களும் வாசகரும் பிறகுதான் சாப்பிடுவார்கள், அவர்களுக்கென்று பாத்திரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

நீங்களே வாசிக்க நேர்ந்தால், பேசும் வேகத்தில் முக்கால்வாசி வேகம் போதும். கரண்டிச் சத்தத்தில் சொற்களின் கடைசி அசைதான் முதலில் தொலையும், அதை விழுங்காமல் சொல்லுங்கள். பெயர்ச்சொற்களை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மடத்தலைவர் மேசையைத் தட்டினால் வாக்கியத்தை முடித்து நிறுத்துங்கள், பத்தி முடிய வேண்டும் என்று பார்க்க வேண்டாம்.

வேலை: அப்பம் சுடும் அறை

பல மடங்களில், குறிப்பாகக் கன்னியர் மடங்களில், திருப்பலிக்கான (பூசைக்கான) மெல்லிய அப்பம் சுடுவது ஒரு நிரந்தர வேலை. பார்க்க எளிது, ஆனால் நூறு விதமாகக் கெட்டுப்போகும். புதியவரைப் பெரும்பாலும் இங்கேதான் அனுப்புவார்கள்.

மாவும் தண்ணீரும் தவிர வேறெதுவும் சேரக் கூடாது. அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாகவும், கெடும் அபாயம் இல்லாதபடி அண்மையில் செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924ஆம் விதி. புளிக்கவும் கூடாது. உப்பு, சர்க்கரை, எண்ணெய், நிறம் எதற்கும் இடமில்லை.

மென்மையான, நன்கு சலித்த வெள்ளை மாவு எடுங்கள். மாவின் எடையைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு குளிர்ந்த தண்ணீரில் தொடங்கிப் பாருங்கள். மாவுக்கு மாவு இது மாறும். தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டும். முதலில் கொஞ்சம் விட்டுக் குழைத்து, கட்டியில்லாத பசையான பிறகு மீதியை விட்டுத் தளர்த்துங்கள். அதிகம் அடித்துக் கலக்காதீர்கள், பசைச்சத்து இழையோடி மாவு தட்டில் பரவாமல் சுருங்கும். வடிகட்டி அரைமணி நேரம் வையுங்கள். காற்றுக் குமிழ்கள் மேலே வந்து உடையும். கரண்டியைத் தூக்கினால் பாலைவிடச் சற்றுக் கெட்டியாக, அறுபடாமல் ஒழுக வேண்டும். மாவு அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு முறை மொள்ளுமுன்பும் அடியோடு ஒரு சுற்று கலக்குங்கள். இதை மறந்தால் முதலில் சுட்ட அப்பத் தகடுகள் கண்ணாடிபோல் மெலிந்தும் கடைசித் தகடுகள் அட்டைபோல் தடித்தும் வரும்.

அப்பம் சுடும் கருவியின், ஒன்றின்மேல் ஒன்று மூடும் இரண்டு இரும்புத் தட்டுகளும் நன்றாகச் சூடேறிய பிறகே ஊற்றுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்ததும் உருண்டோடி மறைய வேண்டும். நடுவில் ஊற்றி உடனே மூடுங்கள். ஆவி சீறிக்கொண்டு வரும், மிச்ச மாவு ஓரத்தில் பிதுங்கி நிற்கும். அதைக் கத்தியால் வழித்துவிடுங்கள். எத்தனை நொடி என்று கடிகாரத்தைப் பார்க்காமல் காதைக் கொடுங்கள். சீறல் அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று பொருள், திறக்கலாம். அடங்குமுன் திறந்தால் தகடு இரண்டாகப் பிளந்து மேல்தட்டில் பாதி, கீழ்த்தட்டில் பாதி ஒட்டிக்கொள்ளும். அடங்கிய பிறகும் விட்டுவைத்தால் பழுப்பேறும்.

சுட்ட தகடு முறுமுறுவென்று இருக்கும். அப்படியே வெட்டினால் நொறுங்கிவிடும், ஆகவே ஈரக்காற்றில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். மூடிய அலமாரியில் தண்ணீர்த் தட்டு வைத்து, தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி இரவு முழுக்க விடுவது எளிய வழி. காலையில் ஓரத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். உடைந்தால் ஈரம் போதவில்லை. வளைந்து, விட்டதும் மெதுவாக நிமிர்ந்தால் பதம் சரி. துணிபோல் தொங்கினால் ஈரம் மிஞ்சிவிட்டது. அப்படியே வெட்டினால் ஓரம் நசுங்கும், காய்ந்த பிறகு வட்டங்கள் கிண்ணம்போல் குழியும்.

வெட்டும் குழாயின் விளிம்பு கூராக இருக்கட்டும். மழுங்கிய விளிம்பு ஓரத்தைப் பிய்த்துத் துகளாக்கும். திருப்பலியில் ஒவ்வொரு துகளையும் குருவானவர் கவனத்தோடு சேகரிக்கிறார், ஆகவே இங்கேயே சல்லடையில் சலித்துத் துகளைப் போக்குவது அவருக்குச் செய்யும் உதவி. உடைந்தது, கறுத்தது, சாய்வாக வெட்டுப்பட்டது ஆகியவற்றைக் கையால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். பிறகு விரித்து நன்றாகக் காயவையுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு பையில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெட்டிய மிச்சம் அர்ச்சிக்கப்படாத வெறும் ரொட்டிதான், தாராளமாகத் தின்னலாம்.

மணி இங்கே என்ன ஆகும்? சூடான தட்டில் மாவு இருக்கும்போது அடித்தால் தகடு கருகும், இல்லையேல் நீங்கள் தாமதமாவீர்கள். அதனால் மணிக்கு பத்து நிமிடம் முன்பே கடைசிக் கரண்டி. பிறகு அடுப்பை அணைத்து, மாவுப் பாத்திரத்தை மூடி, தட்டைத் துடைத்து, கைகழுவி நிற்க வேண்டும். பாதியில் விடுவது என்றால் அலங்கோலமாக விடுவது அல்ல. எந்த வேலையிலும் இப்படி ஒரு ‘கடைசிக் கரண்டி’ உண்டு. தோட்டத்தில் கடைசிப் பாத்தி, நூலகத்தில் கடைசி அட்டை. அதைக் கண்டுபிடித்துவிட்டால் மணி உங்களைத் திடுக்கிட வைக்காது. கருவிகளைக் கழுவி அதே ஆணியில் மாட்டுங்கள். மடத்துப் பொருள்கள் எல்லாவற்றையும் பலிபீடத்தின் புனிதப் பாத்திரங்களைப் போல் மதிக்க வேண்டும் என்று பண்டகக் காப்பாளருக்கு 31ஆம் அதிகாரம் சொல்வது மண்வெட்டிக்கும் பொருந்தும்.

வாசிப்பும் சோர்வும்

இறைவார்த்தை வாசிப்புக்கு ஒதுக்கிய நேரத்தில் பக்கக் கணக்கு பார்க்காதீர்கள். 12ஆம் நூற்றாண்டுக் கர்த்தூசியரான இரண்டாம் கீகோ வாசிப்பு, தியானம், செபம், ஆழ்நிலைத் தியானம் என்று நான்கு படிகளாகச் சொன்னார். நடைமுறையில் பத்துப் பதினைந்து வசனம் போதும். முணுமுணுத்து வாசியுங்கள், ஒரு சொல் பிடித்து நிறுத்தினால் அங்கேயே நில்லுங்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, முற்பகலில் ஒரு சலிப்பு வரும். சன்னலைப் பார்க்கத் தோன்றும், யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கத் தோன்றும், உடனே எழுத வேண்டிய கடிதங்கள் நினைவுக்கு வரும். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் இதை நுணுக்கமாக எழுதியிருக்கிறார்: சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும், பகல் ஐம்பது மணி நேரம் நீளும். அறையை விட்டு வெளியேறாதே என்பது அவர் சொன்ன மருந்து. அதோடு கைக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள். தாளாமல் போனால் விருந்தினர் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். அவருக்கு இது புதிதல்ல.

பெரு மௌனம்

நாளின் கடைசி வழிபாடான இரவு மன்றாட்டு முடிந்ததிலிருந்து மறுநாள் காலை வழிபாடு வரை யாரும் பேசுவதில்லை. ஒழுங்குநூல் இரவு மன்றாட்டுக்குக் குறித்த திருப்பாடல்கள் மூன்றே: 4, 91, 134. தினமும் அவையே வருவதால், இருட்டில் புத்தகமில்லாமல் பாடும் மடங்கள் உண்டு. முதல் வாரத்தில் இந்த மூன்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும்.

வாயை மூடுவது மௌனத்தில் பாதிதான். கதவை மூடும்போது கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடி மூடி, பிறகு மெல்ல விடுங்கள். நாற்காலியை இழுக்காமல் தூக்கி வையுங்கள். சாவிக்கொத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து நடங்கள். கைப்பேசியின் அதிர்வும் மரமேசையில் அடுத்த அறைவரை கேட்கும், அணைத்துவிடுங்கள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தயங்காமல் கதவைத் தட்டிச் சொல்லுங்கள், அதற்கு எந்த மௌனமும் தடையில்லை.

புறப்படும் நாளில் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் உருவி, மடித்து, கட்டில் தலைமாட்டில் வையுங்கள்; புது விரிப்பு கொடுத்திருந்தால் அடுத்தவருக்காக விரித்துவிடுங்கள். திருப்புகழ்மாலையின் நாடாக்களை அன்றைய மாலைப் புகழுக்கு நகர்த்தி வைத்துவிட்டுச் சாவியை வாயிற்காப்பாளர் கையில் கொடுங்கள்.